தப்பியோடும் குதிரைகள்

ஸ்வீடனில் இருக்கும் என் தம்பி, 1985 மாடல் சாப் 900 டர்போ காரை வாங்கி எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறான். மாட்டும்போதே கொஞ்சம் பவரையும் ஏற்றிவிடலாமா?

ஏற்றலாம். அதற்கு முன், ஓடிப்போன குதிரைகளைத் தம்பி பிடித்தாரா? அந்த வண்டி 16 வால்வும் இன்டர்கூலரும் கொண்ட வகையென்றால், ஐரோப்பாவில் அதற்கு 175 குதிரைசக்தி. மாட்டி முடித்ததும் டர்போ ஹோஸ்களில் சோப்புத் தண்ணீர் தடவி, அளவாகக் காற்றழுத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். குமிழி கிளம்பும் இடத்தில்தான் குதிரை தப்பியோடுகிறது!

அடுத்து பவரை ஏற்றுவது. டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்ட்டை மட்டும் ஏற்றி, பெட்ரோலைக் கூட்டாமல் விட்டால் எஞ்சின் தட்டும். ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டனும் உடையும். அந்தத் தட்டலைக் கேட்டதும் பூஸ்ட்டைக் குறைக்கத்தான் எஞ்சின் பிளாக்கில் நாக் சென்சார் வைத்தது சாப். முதலில் அந்தக் காது கேட்கிறதா என்று பார்க்கட்டும்.