இருட்டைச் சமமாகப் பங்கிட்டவர்

இலங்கையின் முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவர்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எழுத இன்று ஆளில்லை. 2019இல் 69 இலட்சம் வாக்கு வாங்கிய மனிதருக்கு இந்தக் கதி வந்திருக்கக் கூடாது. அந்த 69 இலட்சத்தில் ஒருவரையாவது கண்டுபிடிக்கலாம் என்று விசாரித்துப் பார்த்தேன். எல்லாருக்கும் அன்றைக்குக் காய்ச்சலாம், வீட்டைவிட்டு வெளிக்கிடவே இல்லையாம். ஆகவே அவருக்கு வாக்குப் போடாத ஒரு தமிழன்தான் இந்த நன்றிக்கடனைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

நன்றி சமத்துவத்துக்கு. சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்து நாங்கள் கேட்டு, ஒப்பந்தம் எழுதி, அது கிழிபட்டு, மறுபடி எழுதி, உண்ணாவிரதம் இருந்து, கடைசியில் போரும் நடந்து முடிந்தும் கிடைக்காத சரக்கு அது. ஐயா இரண்டரை வருடத்தில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, யூரியா இல்லை, மின்சாரம் அறவே இல்லை. மோட்டார் சைக்கிளின் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ தரும் மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்போம். இந்தக் கலைகள் எல்லாம் எங்கள் பரம்பரைச் சொத்து, தெற்கில் யாருக்கும் தெரியாது என்று கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் இருந்தோம். அந்தத் தலைக்கனத்தை ஐயா உடைத்தார்.

முதலில் வள்ளன்மை. பதவிக்கு வந்த கையோடு வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆக இறக்கினார். சம்பளத்தில் பிடிக்கும் வரியையும் எடுத்தார். கடன் தலைக்கு மேலே நிற்கும்போது வருமானத்தை வெட்டலாமா என்று கணக்குப் பார்ப்பது சில்லறைக் கடைக்காரன் புத்தி. பாரி தேர் கொடுத்தபோது வீட்டுக்கு எப்படிப் போவது என்று யோசித்தானா?

அடுத்தது பசளை. பத்து வருடத்தில் நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாறும் என்பது தேர்தல் வாக்குறுதி. வாக்குறுதியை இழுத்தடிக்கும் அரசியல்வாதிகளையே கண்டு பழகிய எங்களுக்கு இவர் புது அவதாரம். பத்து வருடத்து வேலையை 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானியில் முடித்தார். வடக்கில் அந்தக் காலத்தில் யூரியாவைத் தடுத்தது குண்டு செய்வார்கள் என்ற பயத்தில். இவர் தடுத்தது உடல்நலத்துக்காக. இது முன்னேற்றம் இல்லையா? நெல்லும் தேயிலையும்தான் அந்த உயர்ந்த நோக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் படுத்துவிட்டன. நவம்பரில் தடை எடுபட்டது. இதற்கிடையில் சீனாவிலிருந்து சேதனப் பசளையோடு ஒரு கப்பல் வந்தது. மாதிரியில் தீங்கான பக்டீரியா இருப்பதாகச் சொல்லிக் கப்பலை இறக்க விடவில்லை. சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. முடிவில் 67 இலட்சம் டொலர் கொடுத்தோம். ஒரு பிடி பசளைகூட எங்கள் மண்ணைத் தொடவில்லை. மண்ணுக்கு எந்தக் கெடுதலும் செய்யாத பசளை என்றால் அதுதான்.

மானத்திலும் குறை வைக்கவில்லை. 2022 சனவரியில் மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், 50 கோடி டொலர் கடன்பத்திரத்தைத் தவணை தவறாமல் தீர்த்தார்கள். கடன்காரனிடம் தலைகுனியாத நாடு என்ற பெயர் முழுதாக மூன்று மாதம் நிலைத்தது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள்.

மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. வெள்ளவத்தையில் எங்கள் மாடியில், எதிர்வீட்டுச் சிங்கள மாத்தயா இரவு கதவைத் தட்டினார். மெழுகுதிரி கேட்க வந்தவர் பெரியப்பாவின் மேசையைப் பார்த்து நின்றுவிட்டார். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு நூல்திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும், காற்றுக்கு அணையாது. பெரியப்பா அவரை இருத்தி இன்னொரு போத்தலில் செய்து காட்டினார். எண்ணெயைக் கண்டபடி ஊற்றக் கூடாது, பஞ்சு குடிக்கிற அளவுதான் என்று இரண்டு தரம் சொன்னார்.

“எங்கே படித்தீர்கள் அங்கிள்?”

“யாழ்ப்பாணத்தில். ஐந்து வருடப் படிப்பு.”

மாத்தயா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். விளக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். இத்தனை வருடத்தில் எந்த நல்லிணக்க ஆணைக்குழுவும் எங்கள் மாடிவரை ஏறி வந்ததில்லை. மின்வெட்டு வந்தது.

ஜூலை 9ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. நீச்சல் குளத்தில் குளித்தார்கள், கட்டிலில் படுத்துப் பார்த்தார்கள், உள்ளே கிடந்த ஒரு கோடியே 78 இலட்சம் ரூபாவை எண்ணிப் பொலிசிடம் கொடுத்தார்கள். மாளிகையையும் பொதுவாக்கிவிட்டுத்தான் ஐயா போயிருந்தார்.

போனவர் தன்னை மட்டும் விலக்கி வைத்துக்கொள்ளவில்லை. பாஸ்போட்டுக்கு ஊரே பத்தரமுல்லையில் வரிசையில் நின்ற வேளையில் விமானப்படை விமானம் ஏறினார் என்பது உண்மைதான். இறங்கிய பிறகு நடந்ததைப் பாருங்கள். மாலைதீவு, சிங்கப்பூர், தாய்லாந்து. அவர் தஞ்சம் கேட்கவுமில்லை, நாங்கள் கொடுக்கவுமில்லை என்றது சிங்கப்பூர். நாடு நாடாக அலைவது அதுவரை எங்கள் ஆட்களின் துறையாக இருந்தது. ஐம்பது நாள் வெளியில் இருந்துவிட்டு செப்டெம்பரில் திரும்பினார். அரச வீடு கிடைத்தது, காவல் கிடைத்தது. எங்கள் ஆட்கள் திரும்பினால் காணிக்குள் முகாம் இருக்கும். முதல் முயற்சிதானே, அந்தச் சிறு வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொருளாதாரம் விழுந்ததற்கு ஐயாவும் அவருடைய அண்ணன் தம்பியும் மத்திய வங்கி, திறைசேரி அதிகாரிகள் சிலரும் பொறுப்பு, மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்றது. சிறை இல்லை. மனுப் போட்டவர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா. அந்த 150,000 ரூபாவை இரண்டு கோடியே இருபது இலட்சம் பேருக்கும் பங்கிட்டுப் பார்த்தேன். தலைக்கு ஒரு சதம்கூட வரவில்லை. சிங்களவருக்கும் வரவில்லை, தமிழருக்கும் வரவில்லை, முஸ்லிம்களுக்கும் வரவில்லை.