பீளமேட்டுக் கண்ணாடியியல்

கண்ணாடி என்பது யாதெனின், ஒருவர் தம் உருவத்தைப் பார்த்து மனம் கோணுவதற்கு உதவும் எந்தப் பொருளும் ஆகும். ரசம் பூசியிருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. அகராதிக்காரர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். அவர்கள் யாரும் பீளமேட்டு ஏடிஎம் வாசலில் காலை எட்டரை மணிக்கு நின்றதில்லை. அந்தக் கதவைத் தள்ளி உள்ளே போகிறவர்களைவிட, அதன்முன் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போகிறவர்களே அதிகம்.

ஆய்வுக் களம் அவினாசி ரோடு. 1947இல் பிஎஸ்ஜி கலை அறிவியல் கல்லூரி, 1951இல் பிஎஸ்ஜி டெக், 1956இல் சிஐடி, 1963இல் கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரி என்று வரிசையாக எழும்பியதில், மில் சங்குக்கு விழித்த ஊர் கல்லூரி மணிக்கும் விழிக்கப் பழகியது. ஆய்வுக் கருவி டீக்கடை பெஞ்சு. ஆய்வாளன், முப்பது வருடம் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவன். எதைக் கண்டாலும் வகை பிரிக்காமல் தூக்கம் வராது.

கண்ணாடி ஐவகைப்படும். முதலாவது நிலைக்கண்ணாடி. ஹாஸ்டல் வாஷ்பேசினுக்கு மேலே ஆணியில் தொங்குவது. மார்புக்குக் கீழே காட்டாது. ஆகவே முதலாண்டு மாணவனின் கவலைகள் யாவும் மார்புக்கு மேலேயே நிகழும். இரண்டாவது அசைகண்ணாடி, அதாவது பைக்கில் இருப்பது. பின்னால் வரும் பஸ்ஸைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. நெற்றியைக் காட்டும் கோணத்தில் நிரந்தரமாகத் திருப்பி வைக்கப்பட்டிருப்பது. மூன்றாவது துணிக்கடை ட்ரயல் ரூமில் உள்ளது. அதைப் பற்றிப் பேசினால் பலருக்கு வருத்தம், விட்டுவிடுவோம்.

நான்காவது கைக்கண்ணாடி, செல்போனின் முன்பக்கக் கேமரா. இது இடத்தை வலமாக்கிக் காட்டும் மாயம் உடையது. நண்பன் எடுத்த படத்தைப் பார்த்து, “இது நானே இல்லை, அழி” என்று மாணவி சண்டை போடுவதற்குக் காரணம் இதுவே. 1977இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். மாணவியரின் படத்தை நேராகவும் இடவலம் மாற்றியும் அச்சிட்டுக் காட்டினால், அவர்கள் மாற்றிய படத்தையே விரும்பினார்கள். தினமும் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் அதுதானே. தோழியருக்குப் பிடித்ததோ நேர்ப்படம். தோழி பொய் சொல்லவில்லை. அவள் பார்க்கும் முகம் வேறு.

ஐந்தாவது வாய்க்கண்ணாடி. மற்ற நான்கும் இதற்குக் கிளைவகைகள் என்பது என் துணிபு. இது ஊர்வாய், ஹாஸ்டல்வாய் என இரண்டாகும். கோபிச்செட்டிப்பாளையத்துப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுகிறான். வாசற்படி மிதிக்கும் முன்பே அமுச்சி ஆரம்பிப்பார்: “என்ன சாமி இப்புடி எளச்சுப் போய்ட்டெ? ஆஸ்டல்ல சோறு போடறாங்களா இல்லியா?” பிறகு இரண்டு நாளைக்கு அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும். திங்கள் காலை அறைத்தோழன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மாப்ள, ஊட்டுச் சோறு கன்னத்துல தெரியுதுடா” என்பான். நடுவில் கழிந்தது மூன்று இரவு. எடை மெஷினில் ஏற்றினால் முள் பெரிதாக நகர்ந்திருக்காது. ஆனால் அந்த உடம்பு ‘எளச்சது’ என்ற வகையிலிருந்து ‘பெருத்தது’ என்ற வகைக்குப் போய்விட்டது, பஸ் டிக்கெட் செலவில்.

பெண்பாலாருக்கு வாய்க்கண்ணாடி நிறமும் காட்டும். “வெயில்ல திரியாத கண்ணு, கறுத்துட்டெ” என்பது அன்பின்பாற்பட்டது. அதனாலேயே அதற்குப் பதில் சொல்ல முடியாது. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரில் இருந்த ‘ஃபேரை’ மட்டும் உதறிவிட்டு ‘க்ளோ’ ஆனது. சென்னையிலிருந்து ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் கிளம்பியது அதற்கு முன்பே, 2009இல். அத்தைமார்களுக்கு இரண்டு செய்தியும் வந்து சேரவில்லை. அவர்களிடம் இருப்பது ‘மாநிறம்’ என்ற ஒரே சொல். அதன் எல்லை எது என்று நிகண்டுகளில் தேடுவது வீண். பெண்வீட்டுக்காரர் சொல்லும்போது ஒரு கரையையும், மாப்பிள்ளை வீட்டுக்காரர் சொல்லும்போது எதிர்க்கரையையும் தொடும்.

வெளிநாட்டார் மதம் கூறுவோம். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்தவர் பெல்ஜியத்தின் கெட்லே. அவர் மருத்துவர் அல்லர், வானியலும் புள்ளியியலும் பார்த்தவர். அந்த எண் 25ஐத் தாண்டினால் அதிக எடை என்பது உலக வழக்கு. இந்தியருக்கு 23 என்பது நம் மருத்துவர் வழக்கு. காரணம் இருக்கிறது: அதே எடையில் நமக்குக் கொழுப்பு அதிகம், சர்க்கரை நோயும் சீக்கிரம் வருகிறது. இருக்கட்டும். எண் 24 உடைய மாணவன் மேற்படிப்புக்குப் புறப்படுகிறான் என்று வையுங்கள். பீளமேட்டு விமான நிலையத்தில் ஏறும்போது அவன் எடை கூடியவன். அமெரிக்காவில் இறங்கும்போது சரியான எடைக்காரன். வழியில் அவன் கழற்றியது பெல்ட் மட்டும்தான், அதுவும் சோதனைக்காக.

1985இல் ஃபாலன், ரோசின் என்ற இருவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒல்லியிலிருந்து தடிமன் வரை ஒன்பது உருவங்களைக் காட்டி, “நீ எது? எதுவாக ஆசை? எதிர்பாலாருக்கு எது பிடிக்கும்?” என்று கேட்டார்கள். ஆண்களுக்கு இத்தனை ஒல்லி பிடிக்கும் என்று பெண்கள் நினைத்ததைவிட, ஆண்கள் சொன்னது சற்றுச் சதைப்பிடிப்பானது. பெண்களுக்கு இத்தனை பருமன் பிடிக்கும் என்று ஆண்கள் நினைத்ததைவிட, பெண்கள் சொன்னது ஒல்லியானது. இங்கேயும் ஒருத்தி ராத்திரி டிபனை விடுகிறாள்; ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஒருவன் அப்பா அனுப்பிய பணத்தில் புரோட்டீன் பவுடர் வாங்குகிறான். யாரும் கேட்காத வேண்டுதலை இருவரும் நிறைவேற்றுகிறார்கள்.

தன்மதிப்பை அளக்கவும் படி உண்டு. 1965இல் ரோசன்பர்க் வகுத்த பத்து வாக்கியங்கள். அதை 53 நாடுகளில், பெரும்பாலும் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்து 2005இல் வெளியிட்டார்கள். கடைசி இடம் ஜப்பானுக்கு. ஜப்பானியர் மனம் குன்றியவர்களா, அல்லது மரியாதை தெரிந்தவர்களா? கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு இரண்டாவதுதான் தோன்றும். நாலு மில் வைத்திருப்பவரை நலம் விசாரித்தாலே “ஏதோ இருக்கறமுங்க” என்பார். அவர் மகனிடம் போய், ‘நான் மதிப்புக்குரியவன்’ என்ற வரிக்கு நேரே டிக் அடி என்றால் பேனா நகருமா?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பெருமிதத்துக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்கிறார்: கல்வி, தறுகண், புகழ், கொடை. உடம்பு அதில் இல்லை. இளிவரலுக்கும் நான்குதான்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. நிறம், உயரம், பல்வரிசை எதுவும் அங்கேயும் இல்லை. முகப்பருவைப் பிணியில் அடக்கலாம் என்றும், ஜிம்மில் ஏற்றிய புஜத்தைத் தறுகண்ணில் சேர்க்கலாம் என்றும் வலிந்து உரை சொல்ல இடமுண்டு. தறுகண் என்றால் அஞ்சாமை. அந்தப் புஜக்காரன் ஐடி கார்டில் உள்ள தன் படத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அட்டையைச் சட்டைப் பைக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டு திரிவதை நான் தினமும் பார்க்கிறேன். ஆகவே அந்த உரையை மறுக்கிறேன்.

இவ்வளவும் குறிப்பேட்டில் எழுதி முடித்து நிமிர்ந்தேன். பாய்லர் பக்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன். முன்பின் பார்த்ததில்லை, நான் இன்னும் வாயே திறக்கவில்லை. என்னை நெற்றியிலிருந்து வயிறு வரை ஒரே ஒரு தரம் பார்த்தான். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான்:

“மாஸ்டர், ஐயாவுக்குச் சக்கரை இல்லாம ஒண்ணு!”