சலிச்சது போதும், பேராண்டி!

வாப்பா பேராண்டி, இப்படி உக்காரு. நான் கூப்புட்டது கேக்காததுக்கு இறம்பொடை நீர்வீழ்ச்சி போடுற இரைச்சல் காரணமா, இல்ல மடியில வச்சிருக்கியே அந்தக் கம்ப்யூட்டர்ப் பொட்டி காரணமா? தீபாவளி லீவுக்குக் கொழும்புல இருந்து வந்த புள்ள, 60 வாச்ச கட்டில்ல பரப்பி வச்சுக்கிட்டு பேரு, வருஷம், நம்பருன்னு மூணு நாளாத் தட்டிக்கிட்டு இருக்க. செக்ரோல் எழுதுன கணக்கப்பிள்ளைகூட பொழுது சாஞ்சா வீட்டுக்குப் போயிருவாரு. 60 வாச்சு வச்சிருக்கவன், காலையில என்கிட்ட வந்து மணி கேட்டியே, அதையும் அதுல எழுதி வச்சுக்க.

நேத்து ராத்திரி என்ன சொன்ன? "தாத்தா, சீக்கோ மட்டும் காட்டுன்னு ஃபில்டர் போட்டேன், 9தான் வருது." கட்டில்ல எண்ணிப் பாத்தா 14. மிச்சம் அஞ்ச நான் அடகுக் கடையில வச்சுட்டேனோன்னு ஒரு பார்வ பாத்த பாரு! அடேய், ஒரு எடத்துல சீக்கோன்னு எழுதியிருக்க, ஒரு எடத்துல சீகோ, தூக்கக் கலக்கத்துல சைக்கோ. மிஷினுக்கு அது மூணும் மூணு ஊரு. செக்ரோல்ல ஒரு பேரு, ஐடென்டியில ஒரு பேருன்னு இருந்ததுக்காக ஈ.பி.எப். காசுக்கு ஒபிஸ் ஒபிஸா அலைஞ்ச கெழவிகள எனக்குத் தெரியும். "ரெண்டும் நாந்தாங்க தொரை"ன்னு அவளுக வாயால சொன்னாளுக. உன் வாச்சுக்கு வாயும் இல்ல. மொதல்ல பேர ஒண்ணாக்கு. அப்புறம் ஃபில்டர் போட்டுச் சலி.

அடுத்தது இன்னும் சோக்கு. "சீக்கோவும் சிட்டிசனும் காட்டு"ன்னு கேட்டியாம், ஒண்ணுமே வரலையாம், டேட்டாபேஸ் கெட்டுப் போச்சாம். கெட்டது அது இல்ல ராசா. நாம "கங்காணியும் கணக்கப்பிள்ளையும் வரட்டும்"னு சொன்னா ரெண்டு பேரும் வருவாங்க. மிஷின்கிட்ட 'உம்' போட்டா, கங்காணியாவும் கணக்கப்பிள்ளையாவும் இருக்குற ஒரே ஆளத் தேடிப் போகும். ஒரே வாச்சு சீக்கோவாவும் சிட்டிசனாவும் எப்படிடா இருக்கும்? அதுகிட்ட 'அல்லது'ன்னு கேளு. பொண்டாட்டி கட்டுனப்புறம் இந்த 'உம்'முக்கும் 'அல்லது'க்கும் உள்ள வித்தியாசம் உனக்கு இன்னும் நல்லா வெளங்கும்.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு பாக்குறியா? தேயிலை ஸ்டோருல சலிக்கிற காம்பராவுல நின்ன ஆளுடா நான். சல்லடைக்கு டீயப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. ஓட்டைய விடச் சின்னதா, பெருசா, அது ஒண்ணுதான் அது கேக்குற கேள்வி. ஓட்டைய மாத்திக்கிட்டே போனா பி.ஓ.பி. ஒரு பக்கம், பி.ஓ.பி.எப். ஒரு பக்கம், டஸ்ட் ஒரு பக்கம். ஆனா மேல தங்குனத அள்ளி வெளிய கொட்டிற மாட்டோம். திரும்ப வெட்டி, திரும்பப் போட்டுச் சலிப்போம். சல்லடையில விழாதது எல்லாம் குப்பைன்னு நெனச்சவன் ஸ்டோருல ஒரு மாசம் நிக்க மாட்டான்.

வருஷக் கதைக்கு வா. சீக்கோவோட பின்மூடியில வெட்டியிருக்குற நம்பர்ல மொத இலக்கம் வருஷத்தோட கடைசி இலக்கம், அடுத்தது மாசம், நவம்பர், டிசம்பருக்கு இங்கிலீசு எழுத்துன்னு நீதான் சொல்லிக் குடுத்த. சரி, 6ன்னு இருந்தா? 66ஆ, 76ஆ, 86ஆ? நீ பாட்டுக்கு எல்லாத்தையும் 1966ன்னு போட்டு, "பழைய வாச்சு மட்டும் காட்டு"ன்னு சலிச்சு, வந்ததப் பாத்து மீசைய முறுக்குற. அதுல ரெண்டு வாச்சு பேட்டரியில ஓடுற குவார்ட்ஸ். சீக்கோ மொத குவார்ட்ஸ் கைவாச்ச விக்க வந்ததே 1969 டிசம்பர் 25. பொறக்குறதுக்கு மூணு வருஷம் முந்தியே உன் வாச்சு ஓட ஆரம்பிச்சிருச்சா? உள்ள இருக்குற மிஷின் நம்பரையும் சேத்துப் பாத்தாத்தான் எந்தப் பத்து வருஷம்னு புடிபடும். என்னையும் பேர் பதியுறப்ப தொரை பல்லப் பாத்துத்தான் வயசு போட்டாரு. அதுனால நான் இன்னைக்கும் ரெண்டு வயசு இளசு.

இப்ப காதத் தீட்டிக்க. 'ஓடுதா?'ன்னு ஒரு கட்டம் வச்சிருக்க. 'ஆம்' கேட்டா 31 வந்துச்சு. 'ஆம் இல்லாதது எல்லாம் காட்டு'ன்னு கேட்டா 17. கூட்டிப் பாரு, 48. மிச்சம் 12 எங்க? நீ ஒண்ணுமே எழுதாம விட்ட காலிக் கட்டம் அதுக. மிஷினுக்குக் காலின்னா 'இல்ல' கெடையாது. 'தெரியாது'. தெரியாதத ஆம் பக்கமும் சேக்காது, இல்லப் பக்கமும் சேக்காது. சத்தம் போடாம ரெண்டு சல்லடைக்கும் நடுவுல விட்டுரும். 'காலியா இருக்குறத மட்டும் காட்டு'ன்னு தனியாக் கேட்டாத்தான் வெளிய வரும். கேக்காதவனுக்கு அது இருந்ததே தெரியாது.

சிரிக்காத. இந்த மலையில அந்தச் சல்லடையில விழுந்து எந்திரிச்சவங்க நாங்க. 1948ல பிரஜாவுரிமைச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. இங்க பொறந்தவனா இருந்தாலும் அப்பன் இலங்கையில பொறந்ததுக்குக் கடுதாசி காட்டுன்னாங்க. லயத்துக் காம்பராவுல தொப்புள்கொடி அறுத்த மருத்துவச்சி எந்தப் பதிவுல போய்க் கையெழுத்துப் போட்டா? கட்டம் காலி. உன் மிஷினாவது காலிய 'தெரியாது'ன்னு வாசிக்குது. அவங்க 'இல்ல'ன்னு வாசிச்சாங்க. அடுத்த வருஷம் ஓட்டும் போச்சு. 1964 ஒக்டோபர் 30, ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடு இல்லாம நின்ன எங்காளுக 975,000 பேருன்னு கணக்கு. 525,000 பேரு இந்தியாவுக்கு, 300,000 பேரு இங்க. மிச்சம் 150,000 பேர அப்புறம் பாப்போம்னு வச்சுட்டு, 1974ல கொழுந்து மாதிரி ஆளுக்குப் பாதியா நிறுத்துப் பிரிச்சாங்க. காலிக் கட்டத்த ஒரு வழியா மூட 2003ல ஒரு சட்டம் வர வேண்டியிருந்துச்சு.

அந்தச் சலிப்புல நான் இந்தப் பக்கம் விழுந்தேன், எங்கண்ணன் அந்தப் பக்கம் விழுந்தான். தலைமன்னார்ல கப்பல் ஏறி, கூடலூர்ல டேன்டீங்குற அரசாங்கத் தோட்டத்துல போய் அதே தேயிலையத்தான் நின்னு பறிச்சான். ஒரு தடவ எங்களப் பாக்க வந்தப்ப அவன் கையில இருந்து கழட்டி என் கையில கட்டுனதுதான் இது. எச்.எம்.டி. ஜனதா. 17 கல்லு. தெனமும் காலையில சாவி குடுக்கணும். பெங்களூர்ல 1961ல சிட்டிசன் கம்பனியோட சேந்து தொடங்குன தொழிற்சாலை செஞ்ச வாச்சு. உன் 60ல இதுவும் ஒண்ணு. போன வருஷம் இரவல் கேட்டு வாங்கிட்டுப் போயி, இன்னும் திருப்பிக் குடுக்கல, அதையும் நான் மறக்கல.

காலையில 'வெல 5,000க்கு மேல'ன்னு சலிச்சப்ப இது வரல. '5,000க்குக் கீழ'ன்னு சலிச்சப்பவும் வரல. ஏன்னா அந்த 12ல இதுவும் ஒண்ணு, வெலக் கட்டமும் காலி. வருஷம் காலி. வாங்குன எடம் காலி. சரிதான், அவன் தம்பிக்குக் குடுத்ததுக்கு என்ன வெல போடுவ?

அதுனால சொல்றேன், வெலையில '0'ன்னு மட்டும் போட்டுறாத. 0 வேற, காலி வேற. வெலை பக்கத்துல 'அன்பளிப்பு'ன்னு ஒரு கட்டம் புதுசாப் போடு. எடத்துல கூடலூர்னு எழுது. வருஷத்துல 'தாத்தாக்கிட்ட கேக்கணும்'னு எழுது. கட்டம் காலியா இருக்குற மிச்சம் 11 வாச்சுக்கும் ஊருல எந்தக் கெழவன், எந்தக் கெழவி பதில் சொல்லுவாகன்னு ஒரு துண்டுல குறிச்சுக்க. மிஷின் நாளைக்கும் இருக்கும், நாங்க இருக்க மாட்டோம். பொட்டிய மூடிட்டு, தேத்தண்ணி ஆறுறதுக்கு முன்னாடி மொதக் கேள்வியக் கேளு.