அடையாறில் வாடகையா, சொந்த வீடா?

கேள்வி: அடையாறில் 35,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். அதே கட்டடத்தில் மாடி ஃப்ளாட் ஒன்றரைக் கோடிக்கு வருகிறது. ‘வாடகை கொடுப்பது தண்டம்’ என்கிறார் மாமனார். வாங்கலாமா?
– ஒரு வாசகி, சென்னை-20

பதில்: வாடகை தண்டம் என்றால் வட்டி மட்டும் மொய்யா அம்மா, திரும்பி வர? 30 லட்சம் கையிலிருந்து போட்டு, 1.2 கோடியை 8.5 சதவீதத்தில் 20 வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 1,04,000. முதல் தவணையில் 85,000 வட்டிக்கே போய்விடும். பழைய ஃப்ளாட் என்பதால் முத்திரைத்தாள் 7, பதிவு 2 சதவீதம். ஆக, பதின்மூன்றரை லட்சம் தனி.

தவணை உங்கள் வீட்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வாடகையிலேயே இருங்கள். ஆனால் மிச்சமாகும் பணத்தை மாதாமாதம் சேமித்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். செலவழித்துவிட்டால் மாமனார் ஜெயித்துவிடுவார்!

வருமானம் தாங்கும், பிள்ளைகள் படிப்பு முடியும்வரை இங்கேதான் என்றால் தாராளமாக வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் பால்கனிக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். பூச்சு உதிர்ந்து துருக்கம்பி தெரிந்தால் கட்டடத்துக்கு வயதாகிவிட்டது. அப்போது உங்களுக்கு மிஞ்சுவது மண்தான், பத்திரத்தில் யூ.டி.எஸ். (பிரிக்கப்படாத மனையில் உங்கள் பங்கு) எத்தனை சதுர அடி என்று வக்கீலை வைத்துப் பாருங்கள். மே மாதத்தில் எத்தனை தண்ணீர் லாரி வரும் என்று வாட்ச்மேனிடமும் கேளுங்கள்.