247 எழுத்துக்கு மனை தேடிய கதை

தொண்ணூறுகளில் தமிழன் கையில் கணினி கிடைத்தது. பக்கத்து வீட்டுத் தமிழன் படிக்க முடியாதபடி அதில் தமிழை எழுதியதுதான் அவன் செய்த முதல் காரியம்.

ஆளுக்கொரு எழுத்துரு. சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்து கல்யாணசுந்தரம் ‘மயிலை’ செய்தார். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ செய்தார். புண்ணியவான்கள். ஆனால் எந்த எண்ணில் எந்த எழுத்து என்பது அவரவர் சித்தம். பாமினி என்ற எழுத்துருவில் ஒருவர் ‘தமிழ்’ என்று அடித்து அனுப்பினால், பாமினி இல்லாத வீட்டில் ஜே, கே, பி, ஓ என நாலு ஆங்கில எழுத்தும் வாலில் ஓர் அரைப்புள்ளியும் வந்து இறங்கும். மேடைதோறும் நாம் முழங்கிய சிறப்பு ழகரம், அங்கே வெறும் ஓ.

1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டினார்கள். பொதுக் குறியீடு ஒன்று வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஆகவே இரண்டை அறிவித்தார்கள்: டாம், டாப். மின்னஞ்சலிலேயே மல்லுக்கட்டி உருவான டிஸ்கி என்ற குறியீடு இன்னொரு பக்கம் தனி ஆவர்த்தனம். தமிழ்99 விசைப்பலகை மட்டும் தப்பித்தவறி உருப்படியாக வந்தது.

வேடிக்கை என்னவென்றால், இதற்கெல்லாம் எட்டு வருஷம் முன்பே, 1991-ல், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுக் குறியீடு செய்யக் கிளம்பிய யூனிகோடுக்காரர்கள் தமிழுக்கு லேஅவுட் போட்டு முடித்திருந்தார்கள். இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியீட்டின் வரைபடத்தை வாங்கி, தேவநாகரிக்கு எப்படியோ அப்படியே தமிழுக்கும் மனை பிரித்தார்கள். க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று மனை இன்றைக்கும் காலி. இந்தியின் மற்ற மூன்று ‘க’க்களுக்கு உரிய இடம் அது. இந்தியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய ஊருக்கு, அரிச்சுவடிக்குள்ளேயே மூன்று மனையைக் காலியாகப் போட்டுவைத்தது சரித்திரத்தின் குசும்பு.

மனை கிடைத்தும் உடனே குடியேற முடிந்ததா? விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரிய, கண்ட்ரோல் பேனலுக்குள் புகுந்து, வலமிருந்து இடம் போகும் மொழிகளையும் தாய்லாந்து மொழியையும் தமிழோடு சேர்த்து அடைத்திருந்த ஒரு கட்டத்தைத் தேடி டிக் அடிக்க வேண்டும். அடித்ததும் அது சிடி கேட்கும். கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர் சிடி கொடுத்ததாகச் சரித்திரம் உண்டா?

2010-ல், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், தமிழக அரசு ஒருவழியாக யூனிகோடை ஏற்றது. ஒன்றோடு நிறுத்தினால் நாம் யார்? கூடவே டேஸ் 16 என்று இன்னொன்றையும் ஏற்றது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் சொந்த மனை, ஆசை நியாயமானதுதான். ஆனால் மனை இருக்கும் இடம், யார் எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று யூனிகோடே ஒதுக்கிவிட்ட புறம்போக்கு. அங்கே 247 எழுத்தும் பட்டா இல்லாமல் குடியிருக்கின்றன.