நான் வரும்வரை எழுந்திருக்காதே

உலகத்தின் முதல் லைன்பேக்கர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். பெயர் அகத்தியர். உயரம் கொஞ்சம் குறைவு.

விந்திய மலைக்கு ஒருநாள் வயிற்றெரிச்சல் வந்தது. சூரியன் மேருவையே சுற்றிச் சுற்றி வருகிறானே, நான் என்ன குறைந்துபோனேன் என்று மளமளவென வளர ஆரம்பித்தது. வானம் மறைந்தது, பொழுது விடியவில்லை. தேவர்கள் வழக்கம்போல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். புராணங்களில் அவர்களுக்கு வேறு வேலை கொடுப்பதில்லை. கடைசியில் அகத்தியர் காலில் போய் விழுந்தார்கள். முனிவர் கமண்டலத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவரைப் பார்த்ததும் மலை மரியாதைக்குக் குனிந்தது. "தெற்கே ஒரு சோலி இருக்கு. நான் திரும்பி வரும்வரை எழுந்திருக்காதே" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். பொதிகையில் வந்து உட்கார்ந்தார். கமண்டலத்திலிருந்து தாமிரபரணியை இறக்கிவிட்டார். தமிழுக்கு இலக்கணம் செய்தார். திரும்பிப் போகவே இல்லை. விந்தியம் இன்னும் குனிந்தபடி கிடக்கிறது.

கல்லிடைக்குறிச்சியில் மொட்டைமாடி ஏறி மேற்கே பார்த்தால் மலை தெரியும். பக்திமான்களுக்கு அங்கே குறுமுனி தெரிவார். எனக்குத் தெரிவது ஒரு பிடி. கையால் தொடாமல், வியர்க்காமல், வாயாலேயே பிடித்த பிடி.

ஆனால் சரித்திரம் பிடித்தவனை எழுதுவதில்லை. ஏறிப் போனவனைத்தான் எழுதும். கடாரம் கொண்டான், கங்கை கொண்டான் என்று பட்டமெல்லாம் அடுத்தவன் எல்லைக்குள் போய்த் தொட்டுவிட்டு வந்தவனுக்கே. கங்கைகொண்டான் எங்கள் மாவட்டத்தில் ஓர் ஊராகவே இருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, வந்தவன் கணுக்காலைக் கட்டிப்பிடித்தவன் பெயரில் ஒரு பஸ் ஸ்டாப்பாவது உண்டா?

இந்த ஆதங்கத்துக்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது. சின்ன வயதில் ஆற்று மணலில் சடுகுடு ஆடும்போது நான் நிரந்தரமாகப் பிடிக்கிற ஆள். எங்கள் ஊர் அப்பளத்துக்கு உளுந்து மாவைப் பிசைந்து உலக்கையால் இடிப்பார்கள். அந்த மாவுக்கும் என் உடம்புக்கும் அப்போது பெரிய வித்தியாசம் கிடையாது. "ஏலே, உன்னால ஓட முடியாது. ஓரத்துல நில்லு. வந்தான்னா கால்ல விழுந்துரு, என்ன ஆனாலும் விட்ராதல" என்பார் மூத்த அண்ணன் ஒருவர். எனக்குக் கிடைத்த பயிற்சி முழுக்க அவ்வளவுதான். நானும் விழுவேன். ஏறி வந்தவன் 'சடுகுடு சடுகுடு' என்று பாடியபடி என்னையும் இழுத்துக்கொண்டு நடுக்கோடு வரைக்கும் உழுது போவான். வாயெல்லாம் தாமிரபரணி மணல். இடி வாங்கிய மாவு எண்ணெயில் போட்டதும் பொரிந்து எழும்பும். நான் எழும்பியதாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

நிற்க. அமெரிக்காவுக்குப் போவோம்.

அங்கே கால்பந்து என்று ஒன்று ஆடுகிறார்கள். காலுக்கு அதில் வேலை கம்மி. பந்தும் பந்து மாதிரி இருக்காது. முற்றாத பப்பாளி மாதிரி இருக்கும். கட்சிக்கு 11 பேர். ஒரு கட்சி பப்பாளியை எதிராளியின் எல்லைக்குக் கொண்டுபோக வேண்டும், மற்றது அமுக்க வேண்டும். முன்வரிசையில் யானைக்கன்று சைஸில் ஆட்கள் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்த வரிசைக்கு நாலெட்டுப் பின்னால் நின்று, எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே பாய்கிறவன் லைன்பேக்கர். கன்னடியன் கால்வாயில் கரை உடைந்தால் மண்மூட்டையோடு ஓடுவார்களே, அந்த ஆள். தண்ணீர் வருகிறவரை அவனை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வந்தபிறகு எல்லாரும் அவனைத்தான் திட்டுவார்கள்.

ஆரம்ப காலத்தில் இது விளையாட்டா போரா என்று அவர்களுக்கே குழப்பம். 1905இல் களத்தில் சாவுகள் எக்கச்சக்கமாகி, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் பந்தை முன்னால் வீசலாம் என்று விதியை மாற்றினார்கள். ஆட்கள் பிழைத்தார்கள், பிடிக்கிறவன் பாடுதான் திண்டாட்டம். அதுவரை ஓடி வருகிறவனை மட்டும் பார்த்தால் போதும். இப்போது ஆகாயத்தையும் பார்க்க வேண்டும்.

இந்த வம்சத்தில் உதித்தவர் சக் பெட்னாரிக். 1925இல் பென்சில்வேனியாவின் பெத்லஹேம் நகரில் பிறந்தவர். ஸ்லோவாக்கியாவிலிருந்து பிழைக்கப் போன குடும்பம், அப்பாவுக்கு இரும்பாலையில் வேலை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கிக்காரராக ஜெர்மனி மேல் 30 தடவை பறந்து முழுசாகத் திரும்பினார். 30 தடவை எதிராளி எல்லைக்குள் ஏறிப் போனவர், இனி ஆயுசுக்கும் பிடிக்கிற வேலைதான் என்று முடிவுகட்டினாரோ என்னமோ, 1949இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியில் சேர்ந்தார். 14 சீசன் ஆடியதில் வராமல் இருந்தது மூன்றே ஆட்டம். சம்பளம் பற்றாமல் மற்ற மாதங்களில் கான்கிரீட் விற்றார். 'கான்கிரீட் சார்லி' என்று பெயர் வந்தது. இவரிடம் மோதியவர்கள் அந்தப் பெயருக்கு வேறு காரணம் சொல்வார்கள்.

1960 டிசம்பர் 26. இறுதியாட்டம். எதிரணி கிரீன் பே பேக்கர்ஸ். பெட்னாரிக்குக்கு வயது 35. மற்றவர்கள் தாக்கும்போது ஒருவர், தடுக்கும்போது ஒருவர் என்று முறைவைத்து ஆட, இவர் இரண்டு பக்கமும் நின்றார். கடைசி விநாடிகள். ஈகிள்ஸ் 17, பேக்கர்ஸ் 13. ஜிம் டெய்லர் பந்தை வாங்கிக்கொண்டு காளை மாதிரி வருகிறார். இன்னும் பத்து கஜம்கூட இல்லை, போய்ச் சேர்ந்தால் கோப்பை கைமாறும். பெட்னாரிக் கட்டிப்பிடித்துச் சாய்த்தார். சாய்த்ததோடு விடாமல் மேலேயே உட்கார்ந்துகொண்டார். கடிகாரம் ஓடுகிறது. கீழே கிடப்பவர் நெளிகிறார். விநாடிகள் தீர்ந்து மணி ஆனபிறகுதான், ஆட்டம் முடிந்தது, இனி நீ எழுந்திருக்கலாம் என்று சொல்லி எழுந்தார். நடுவில் சேர்த்துக்கொண்ட ஒரு வார்த்தையைக் குடும்பப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது.

அகத்தியர் விந்தியத்திடம் சொன்ன வசனத்தின் மறுபாதி. முனிவர் கெட்ட வார்த்தை சேர்க்கவில்லை, திரும்பிப் போய் எழுப்பிவிடவும் இல்லை. அந்த வகையில் பெட்னாரிக் நல்ல மனுஷர்.

சரி, நம்மூர்க் கதை. ஆற்று மணலில் கிடந்த விளையாட்டு 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதிக்காரர்கள் புண்ணியத்தில் அங்கே காட்சி ஆட்டமாகப் போனது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்க ஆட்டமானது. சடுகுடு கபடி ஆனது, மணல் மேட் ஆனது, ஏறுகிறவன் ரைடர் ஆனான். ஓரத்தில் நிற்கிறவனுக்கும் 'கார்னர்' என்று பெயர் கிடைத்தது. பெயர்தான் மாறியது, அவன் மூலையிலேயே நின்றான்.

எங்கள் ஆற்றோடு கீழே இறங்கிப் போனால் தூத்துக்குடி மாவட்டத்தில் மணத்தி. அந்த ஊர் கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர், அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் 2025இல் 'பைசன்' படம் எடுத்தார். பார்த்தேன், கைதட்டினேன். ஆனாலும் கதாநாயகன் ஏறிப் போகிறவன்தானே? அவனுக்கு ஸ்லோமோஷன் உண்டு, பின்னணி இசை உண்டு. ஓரத்தில் நிற்கிறவனுக்கு முட்டியில் கட்டு.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியில் 1975இல் பிறந்த தர்மராஜ் சேரலாதன். பெயரைக் கவனியுங்கள். சங்ககாலத்துச் சேரலாதன் இமயம் வரை ஏறிப்போய் வில்லைப் பொறித்துவிட்டு வந்ததாகப் பாட்டு. நம் சேரலாதன் நின்றது வலது மூலை. ராஜா பெயர் வைத்துக்கொண்டு இருந்த இடத்தை விட்டு அசையாமல் பிழைத்த முதல் ஆள் இவராகத்தான் இருக்கும்.

2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது அவருக்கு வயது 39. நம்மூரில் அந்த வயதில் ஆள் சர்க்கரை டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பான். இவர் தன் வயதில் பாதி உள்ள பையன்களின் கணுக்காலைக் குறிபார்த்து நின்றார். ரைடருக்கு 30 விநாடி. அவன் இடுப்பை ஒரு பக்கம் காட்டுவான், கண்ணை ஒரு பக்கம் காட்டுவான், கையை வீசுவான். கார்னர் இதில் எதையும் நம்பக்கூடாது, பாதத்தை மட்டும் பார்க்க வேண்டும். போனஸ் கோட்டைத் தாண்டப் பேராசைப்பட்டு அவன் ஒரு காலை அந்தப் பக்கம் ஊன்றி, மறு காலை அந்தரத்தில் தூக்குகிறானே, அந்த இமைப்பொழுதுதான் முகூர்த்தம். முந்தினால் தொட்டுவிட்டு ஓடுவான். பிந்தினால் ஓடியே போயிருப்பான். முகூர்த்தத்தில் விழுந்தால் கணுக்கால் கையில். மற்றவர்கள் மேலே வந்து பொத்தென்று விழுவார்கள். இதற்கு வேகம் கொஞ்சம் போதும், அவசரப்படாத குணம் நிறைய வேண்டும். அது 20 வயதில் கடையில் கிடைக்காது.

2016இல், 41 வயதில், பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டன். ஜூலை 31 இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூரை 37-29 என்று சாய்த்துக் கோப்பை. அதே வருஷம் அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை 38-29இல் வென்று உலகக் கோப்பை வாங்கிய இந்திய அணியிலும் இருந்தார். 2019இல், 44 வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸுக்குக் கேப்டன். பாட்னாக்காரனும் ஹரியானாக்காரனும் அவரைக் கூப்பிட்டது 'அண்ணா' என்று. இந்தி நாட்டில் தமிழைப் பரப்ப எத்தனையோ மாநாடு போட்டுப் பார்த்தோம். ஒரு மனுஷர் ஓரத்தில் நின்றபடி ஒரு சொல்லைப் பரப்பிவிட்டார்.

அந்த 2019இல் எங்கள் ஊரிலும் ஒரு பெரிய பிடி நடந்தது. 1982இல் குலசேகரமுடையார் கோயிலிலிருந்து நடராஜர் திருடு போனார். கோட்டுக்கு இந்தப் பக்கம் மொத்த ஊரும் தூங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு கார்னர் இல்லை. ரைடர் மூச்சுவிடாமல் கடல்தாண்டிப் போனான். 2001இல் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடம் ஒன்று அவரைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டது. அந்த ஊரிலும் பப்பாளிப் பந்துதான் ஆடுகிறார்கள் என்பது உபரித் தகவல். கடைசியில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு ஆளைக் கண்டுபிடித்துக் கேட்க, அவர்களும் கொடுக்க, 37 வருஷம் கழித்து டெல்லியிலிருந்து ரயிலேறி ஊர் வந்து சேர்ந்தார்.

நானும் கூட்டத்தோடு கூட்டமாக எட்டிப் பார்த்தேன். எல்லாரும் தூக்கிய திருவடியைக் கும்பிட்டார்கள். கார்னர் புத்தி போகுமா? என் கண் ஊன்றிய காலுக்குப் போனது. அதன் அடியில் முயலகன், குப்புறக் கிடக்கிறான். திருடன் சாக்கில் கட்டித் தூக்கியிருப்பான், கப்பல் ஆடியிருக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளைக்காரர்கள் விளக்குப் போட்டுக் காட்டியிருப்பார்கள். இத்தனைக்கும் நடுவில் அவர் அந்தக் காலை எடுக்கவே இல்லை.

என்ன ஆனாலும் விட்ராதல என்று அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.