மனசுக்கு ஒரு பதிவுக்காரர்

மட்டக்களப்பில் இரவு நித்திரை வருவதில்லை என்று ஒருவரிடம் சொன்னால் போதும், விடிவதற்குள் ஊரே வைத்தியராகிவிடும். மாமி நாவூறு என்றார். மச்சான் போனைத் தூக்கி எறி என்றான். பக்கத்து வீட்டு ஆச்சி, "மனே, ஆரோ செய்வினை வெச்சிருக்காங்க, மறுகா பாப்பமெண்டு இரிக்காத" என்று நூல் கட்டுபவரின் நம்பரையே தந்துவிட்டார். காத்தான்குடி நண்பர் ஓதிய தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுவந்தார். மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைப்பவர்கள் என்று வெளியூரார் நம்மைப் பற்றிச் சொல்லும் கதை மெய்யென்றால், நான் ஏன் பாயைவிட்டு எழும்பி முற்றத்தில் நடந்துகொண்டிருக்கிறேன்?

எனக்கு வேண்டியது ஓர் உளவியலாளர், அதுவும் பதிவு உள்ளவர். ஓட்டோக்காரரிடம் விசாரித்தேன்.

"ஆருக்கு சேர்?"

"எனக்குத்தான்."

அதன்பிறகு இறங்கும்வரை அவர் ஒருமுறைகூட ஹோர்ன் அடிக்கவில்லை. நம்மூர்த் தெருவில் இதைவிடப் பெரிய பரிவை எதிர்பார்க்க முடியாது.

சனத்துக்கு எல்லாரும் மன டொக்டர்தான். குளிசை எழுதுபவர் உளநல வைத்தியர். எழுதாமல், கதைத்துக் கதைத்தே முடிச்சை அவிழ்க்கப் படித்தவர் உளவியலாளர். பிரதேச செயலகத்தில் இருப்பவர் உளவளத்துணை உத்தியோகத்தர்; குடிக்கிற புருசன் முதல் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைவரை அவருடைய மேசைக்குத்தான் வரும், பாவம். மருத்துவ உளவியலாளர் என்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் கொழும்புப் பக்கம். மற்றபடி 'ஆலோசகர்' என்று பலகை மாட்டுவதைத் தடுக்கிற சட்டம் ஒன்றும் கிடையாது. வாவியில் வலை வீசக் கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மனுசனின் மனசுக்குள் வீச ஒரு வாரக்கடைசிச் சான்றிதழ் போதும். ஆகவே, பத்திரத்தைக் காட்டுங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை.

மனசைப் பார்க்க ஆளே இல்லாமல் இருந்த ஊரும் அல்ல இது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்தி. மதுரையை எரித்தவளின் கோபத்தைத் தணிக்க ஊர் ஊராகக் கூடுகிறோம். வருசத்துக்கு ஒருமுறைதான், ஆனால் தவறாத கிளினிக். போர்க்காலத்தில், காணாமல் போன மகன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்கத் தாய்மார் அம்மன் கோயில்களுக்குத்தான் போனார்கள். தெய்வம் ஆடியவர்கள் வாக்குச் சொன்னார்கள். பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் 1990களில் இங்கே இருந்து அதை ஆராய்ந்து எழுதினார். வாய்விட்டு அழ அன்று வேறு இடம் இருக்கவில்லை. 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். போர் பார்த்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே களிமண்ணிலும் வர்ணத்திலும் விளையாடினார்கள்.

பிறகு 2004 டிசம்பர் 26, சுனாமி. கடல் வடிந்ததும் வெளிநாட்டு ஆலோசகர்கள் வந்து இறங்கினார்கள். நாம் தமிழில் ஒரு மணித்தியாலம் அழுவோம், மொழிபெயர்ப்பாளர் "கவலையாம்" என்று ஒரு சொல்லில் முடிப்பார். பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று பிள்ளைகள் கேட்டதையே நோய்க்குறியாகக் கண்டவர்களும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010இல் வந்த தன் நூலில் இதை எழுதியிருக்கிறார்.

என் கதைக்கு வருகிறேன். ஒருவழியாக ஒருவர் அகப்பட்டார். பட்டம், பதிவு, சட்டம் போட்ட சான்றிதழ், மேசையில் டிசு பெட்டி எல்லாம் சரி. இரகசியம் இந்த அறையைத் தாண்டாது என்றார். நெஞ்சு கொஞ்சம் இளகியது.

"எந்த ஊர்?"

"களுவாஞ்சிகுடி."

"களுவாஞ்சிகுடியில ஆர்ர ஆள்?"

சொன்னேன். பேனையை வைத்துவிட்டார். "அப்ப என்ன குடி?"

கால்மணி நேரத்தில் கணக்குச் சரிவந்தது. தாய்வழியில் இருவருக்கும் ஒரே குடி, அதாவது ஒரே குலம். அவர் எனக்குத் தம்பி முறை. உறவுக்காரரைப் பார்க்கக்கூடாது என்பது அவர்களுடைய தொழில் ஒழுக்கமாம். அதை அப்படியே பிடித்தால் கல்லடி முதல் கல்லாறுவரை அவருக்கு ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். அதற்காக விதியை வளைக்கவும் இல்லை. வீடியோவில் பார்க்கும் கொழும்புக்காரர் ஒருவரின் நம்பரை எழுதித் தந்தார். "நடுச்சாமத்தில ஏலாமப் போனா 1926க்கு அடிங்க அண்ணன், தமிழிலயும் கதைப்பாங்க" என்றார். அது அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். அங்கொடை, சின்ன வயதில் ஒருவரையொருவர் ஏசுவதற்கு நாங்கள் வைத்திருந்த ஊர்ப்பெயர்.

காசை நீட்டினேன். கையை எடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். தமையனிடம் எப்படி வாங்குவதாம்?